எது மலிவு என்று கேட்பதற்கு முன்

வணக்கம் நேயர்களே.

மின்னியல் படிப்பிக்கிறவன் என்பதால், புதிய கல்வியாண்டு தொடங்கும்போதெல்லாம் ஒரே கேள்வி என்னைத் தேடி வருகிறது. "சேர், கம்பஸுக்குப் போய்வர ஒரு மின்சார பைக் வாங்கப் பார்க்கிறேன். எது மலிவு?" கேட்பவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வந்து, வெள்ளவத்தையில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓர் அறை எடுத்திருக்கும் பிள்ளை. 100 ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கி அலுத்துப்போனவர். நான் விலையைப் பற்றிப் பேசாமல் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: "தம்பி, இரவில் வண்டி எங்கே நிற்கும்?"

பலருக்கு இந்தக் கேள்வி விளங்குவதில்லை. பெற்றோல் வண்டிக்கு அது கேள்வியே அல்ல. கேற்றுக்குள் ஓர் ஓரமாக விட்டுவிட்டுப் படுக்கப் போகலாம். மின்சார வண்டிக்கோ, நிறுத்தும் இடம்தான் பெற்றோல் செட். மூன்றாம் மாடியில் அறை, கீழே வாகனத் தரிப்பிடத்தில் ஒரு பிளக் கூட இல்லை என்றால், பற்றரி கழற்ற முடியாத ஸ்கூட்டரை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அது உங்களுக்குப் பயன்படாது. ஜன்னல் வழியாக நீட்டு வயர் இறக்கிச் சார்ஜ் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொழும்பு மழையில் அதைச் செய்யாதீர்கள்.

ஆகவே முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள், கடைக்குப் பிறகு போகலாம். "ஆன்ரி, பைக்குக்குச் சார்ஜ் போடலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால், அவர் மனக்கண்ணில் ஏசி ஓடத் தொடங்கிவிடும். கணக்கோடு போங்கள். சாதாரண ஸ்கூட்டர் சார்ஜர் ஒன்று இழுப்பது 200 வாட் அளவில். துணி அழுத்தும் ஸ்திரிக்கைப் பெட்டி 1000 வாட் இழுக்கும். வெள்ளவத்தையிலிருந்து கட்டுபெத்தவில் உள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரச் சுமார் 20 கிலோமீற்றர். சிறிய ஸ்கூட்டர் ஒன்று கிலோமீற்றருக்கு 25 முதல் 30 வாட்மணி வரை தின்னும். 1000 வாட்மணி என்பது மின்பட்டியலில் ஓர் அலகு. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு முக்கால் அலகு. மாதம் பதினைந்து, பதினாறு அலகு.

ஆனால் நம்முடைய வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிற கட்டணம். பாவனை கூடினால் அலகின் விலையும் கூடும், மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். உங்களுடைய பதினைந்து அலகு அந்த வீட்டின் பட்டியலில் மேல்படியில்தான் போய் உட்காரும். வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு படியின் விளிம்பில் இருந்தால், உங்கள் பைக் அவரை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். அவருக்கு அது நன்றாகத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. போன மாதத்துப் பட்டியலை ஒருமுறை காட்டச் சொல்லி, கடைசிப் படியின் விலையில் கணக்குப் பார்த்து, அந்தத் தொகையை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் பைக்கின் பாவனையை மட்டும் அளக்கும் ஒரு சிறிய உபமானி பொருத்திவிடுங்கள். மாத முடிவில் முகம் சுழிக்கிற வேலை இருவருக்கும் இல்லை.

இடம் உறுதியானதும் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். மேல்மாடி அறைதான், ஆனால் வளாகம் நான்கைந்து கிலோமீற்றருக்குள் என்றால், மோட்டார் பூட்டிய மிதி சைக்கிள் போதும். 36 வோல்ட், 10 அம்பியர்மணிப் பற்றரி என்றால் 360 வாட்மணி. மிதித்துக்கொண்டே போனால் வெள்ளவத்தைக்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் போய்வர அது தாராளம். பற்றரி இரண்டு மூன்று கிலோதான். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறலாம். கண்டியில் படிக்கும் பிள்ளைக்கு இதை நான் சொல்லமாட்டேன். கொழும்பு ஏற்ற இறக்கம் குறைந்த சமதரையான ஊர், சிறிய மோட்டாருக்கு ஏற்ற ஊர். கட்டுபெத்த வரை போகிறவருக்கும், பின்னால் ஒருவரை ஏற்றுகிறவருக்கும் ஸ்கூட்டர்தான் சரி.

இனிப் பற்றரிக்கு வருவோம். மலிவு என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது இங்கேதான் தெரியும்.

விலை குறைந்த ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது ஈய அமிலப் பற்றரி. 12 வோல்ட் பெட்டிகள் ஐந்தைத் தொடராக இணைத்தால் 60 வோல்ட். ஒவ்வொன்றும் ஆறேழு கிலோ வரும், மொத்தம் முப்பது கிலோவுக்கு மேல். தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிற கதையே இல்லை. முழுக்க வடித்து முழுக்க ஏற்றினால் 300 முதல் 500 தடவை வரை உழைக்கும். நாள்தோறும் ஓடுகிற மாணவனுக்கு ஒன்றரை, இரண்டு வருடத்தில் தளரத் தொடங்கும். பட்டப்படிப்போ நான்கு வருடம். அப்படியானால் ஐந்து பெட்டிகளையும் இடையில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை இன்றைய விலையோடு கூட்டுங்கள். மறுபக்கத்தில் லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி இருக்கிறது, கடைகளில் எல்எஃப்பி என்பார்கள். நன்றாகச் செய்யப்பட்டது என்றால் 2000 தடவைக்கு மேல் தாங்கும். நீங்கள் பட்டம் பெற்று வெளியேறிய பிறகும் ஓடும், விற்கும்போதும் விலை நிற்கும். வாங்கும்போது வலிக்கும், அவ்வளவுதான். நான்கு வருடக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தவர்களில் பலர் இதற்கே வந்து சேர்கிறார்கள். ஒரு வருடத்தில் படிப்பு முடிகிறவர் என்றால் ஈய அமிலமே போதும், வீண் செலவு வேண்டாம்.

"கிராஃபீன் பற்றரி" என்று விளம்பரத்தில் பார்த்தால் மயங்க வேண்டாம். இந்த விலை வரிசையில் அப்படி விற்கப்படுபவை அநேகமாகக் கரி சேர்த்த ஈய அமிலப் பற்றரிகளே. சந்தேகமிருந்தால் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள், கை சொல்லிவிடும்.

ஒரு தடவை சார்ஜ் போட்டால் இத்தனை கிலோமீற்றர் என்று கடைப் பலகையில் எழுதியிருப்பது, மெலிந்த ஒருவர், மெதுவான வேகத்தில், எங்கும் நிற்காமல் ஓடினால் கிடைக்கும் தூரம். காலி வீதியில் நிற்காமல் ஓடியவர் எவருமில்லை. அந்த எண்ணில் பாதிக்குச் சற்று மேலே வைத்துக்கொள்ளுங்கள். அல்லது நீங்களே கணக்குப் பாருங்கள். 60 வோல்ட்டை 20 அம்பியர்மணியால் பெருக்கினால் 1200 வாட்மணி. அதைக் கிலோமீற்றருக்கு 30 ஆல் பிரித்தால் 40 கிலோமீற்றர். விற்பனையாளர் எண்பது என்றால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

பாவித்த வண்டி வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்களில் அநேகர் அதைத்தான் வாங்குகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இல் பெற்றோல் வரிசையும் கியூஆர் குறியீட்டில் எரிபொருளைப் பங்கிடும் முறையும் வந்தபோது, கிடைத்த மின்சார வண்டியையெல்லாம் நம்மவர்கள் வாங்கினார்கள். தனியார் பாவனைக்கான இறக்குமதி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த வரிசைக் காலத்து வண்டிகள் இப்போது கைமாறிக்கொண்டிருக்கின்றன. பெயின்ற் புதிதாக இருக்கும். நீங்கள் பெயின்ற்றைப் பார்க்காமல் சீற்றைத் தூக்குங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வோல்ட் அளக்க ஒரு சாதாரண மல்டிமீற்றர் வாங்கிக்கொண்டு போங்கள். சார்ஜ் நிறைந்து சில மணி நேரம் ஓய்ந்திருந்த ஈய அமிலப் பெட்டி ஒவ்வொன்றும் 12.7 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். நான்கு பெட்டி 12.7, ஒன்று மட்டும் 12.2 என்றால், அந்த ஒன்று மற்ற நான்கையும் கீழே இழுக்கும். "அதை மட்டும் மாற்றினால் சரி" என்பார்கள். சரிவராது, பழையவற்றோடு புதியது ஒத்துப்போவதில்லை. பெட்டியின் பக்கம் வீங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். செம்பில் பச்சை படிந்திருந்தால் வண்டி மரைன் டிரைவ் பக்கத்தில் வெளியில் நின்றிருக்கிறது, கடற்காற்று வேலையைக் காட்டியிருக்கிறது. பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தால் அந்த இடம் சூடாகியிருக்கிறது. அப்படியே சீற்றை மூடிவிட்டு நன்றி சொல்லி வாருங்கள்.

வெள்ளத்தில் ஓடிய வண்டியும் அப்படித்தான். பின்சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாருக்கு அச்சின் வழியாக வயர் போகிறது. நீர் தேங்கிய தெருவில் அச்சு மூழ்கினால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகலாம். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று ஒலித்தால் பெயரிங் துருப்பிடித்திருக்கக்கூடும்.

சார்ஜர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நண்பனுடைய சார்ஜர் பிளக்குக்குப் பொருந்துகிறது என்பதற்காகச் செருகக் கூடாது. 60 வோல்ட்டுக்குரியதை 48 வோல்ட் வண்டியில் போட்டால் பற்றரி பழுதாகும், லித்தியம் என்றால் தீப்பிடிக்கவும் கூடும். மாடிப்படிக்குக் கீழேயும் அறை வாசலிலும் வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். தீ வந்தால் ஓட வேண்டிய வழி அதுதான். ஈய அமிலப் பற்றரியை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வடிந்த நிலையில் விட்டுப்போகாதீர்கள், திரும்பி வரும்போது செத்திருக்கும். நிறைத்துவிட்டுப் போங்கள். லித்தியத்தைப் பாதியளவில் விட்டுப்போகலாம்.

மின்சார மோட்டார் சைக்கிளும் மோட்டார் சைக்கிள்தான். பதிவு, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், சாரதி அனுமதிப்பத்திரம், தலைக்கவசம் எல்லாம் வேண்டும். "இதற்கு நம்பர் தேவையில்லை" என்று விற்பவர் சொன்னால், அவர் சொல்லை நம்பாமல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட இலக்கத்தை வண்டியில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

கடைசியாக, ஓட்டிப் பார்ப்பது. கடை வாசலில் நிறைந்த சார்ஜோடு ஒரு வட்டம் அடித்தால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். சார்ஜ் பாதிக்குக் குறைந்த நேரத்தில், கொஞ்சம் உடம்புள்ள நண்பர் ஒருவரைப் பின்னால் ஏற்றி, தெஹிவளை மேம்பாலத்தில் ஏறுங்கள். ஏற்றத்தின் நடுவில் வோல்ட் காட்டும் முள் எவ்வளவு விழுகிறது, இறங்கியதும் எவ்வளவு மீள்கிறது என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். விழுந்தது மீளாவிட்டால் விலை பேச வேண்டாம். மீண்டால், பற்றரிக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம்.