பொழுது சாய்ந்தால் பூனை வீட்டுக்குள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். இன்று பூனையைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

நம் வீடுகளில் விளக்கு வைக்கிற நேரத்தில் பூனை வெளியே கிளம்பும். விடிந்ததும் பாலுக்கு வந்து நிற்கும் என்று விட்டுவிடுகிறோம். சமவெளியில் எப்படியோ, இங்கே வீட்டுக் கொல்லை முடிகிற இடத்தில் தேயிலைத் தோட்டம் தொடங்குகிறது. அதற்குள் சிறுத்தை நடமாடுகிறது. அது நாயைத் தூக்குவது எல்லோருக்கும் தெரியும், பூனையையும் விடாது. அதனால் பொழுது சாய்ந்தால் பூனை உள்ளே இருக்கட்டும். இதற்கு எளிய வழி ராத்திரிச் சாப்பாடுதான். இருட்டுவதற்கு முன்னால், தினமும் ஒரே நேரத்தில், உள்ளே வைத்துப் போடுங்கள். தட்டுச் சத்தம் கேட்டாலே ஓடி வரும். அப்புறம் கதவைச் சாத்திவிடலாம்.

பால் சோறு மட்டும் போதாது. பூனைக்கு மீனோ கறியோ கட்டாயம் வேண்டும். அவற்றில் இருக்கும் டாரின் என்ற சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும்.

உள்ளேயே வைத்தால் கத்துகிறதே என்பார்கள். கத்தத்தான் செய்யும், அதற்கு வேலை இல்லையே! ஜன்னலோரம் ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். ஒரு கட்டையில் பழைய உருளைக்கிழங்குச் சாக்கை இறுக்கிச் சுற்றி நிறுத்தினால் நகம் கீற அதுவே போதும், சோபா தப்பிக்கும். ஒரு தட்டில் மணல் வைத்துத் தினமும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். தூங்கப் போகுமுன் கயிற்றை இழுத்துக் கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டுங்கள். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால், ஊர் சுற்றும் ஆசையும் சண்டையும் பெருமளவு குறையும். நம் தோட்டத்துக்கு வரும் நீலகிரிச் சிரிப்பான் இந்த மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத பறவை. பூனை உள்ளே இருந்தால் அதுவும் பிழைக்கும்.

வீட்டுக்குள்ளும் ஆபத்து உண்டு. எனக்குப் பெரிய கவலை லில்லியம் பூ. இங்கே பசுமைக்குடில்களில் விளைகிறது, விசேஷம் என்றால் ஜாடியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பூனை அதை உரசிக்கொண்டு போனால் காவி நிற மகரந்தம் முதுகில் ஒட்டும். தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அந்த முதுகை நக்கும். அவ்வளவுதான், விஷம் உள்ளே போய்விட்டது. இலை, இதழ், ஜாடித் தண்ணீர் எல்லாமே விஷம். முதலில் வாந்தி, சாப்பாடு இறங்காது. இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மகரந்தம் ஒட்டியதைப் பார்த்தவுடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சில மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் ஏற்றினால் காப்பாற்ற வழி இருக்கிறது. பூனை இருக்கும் வீட்டில் லில்லியம் வேண்டவே வேண்டாம்.

கம்பளித் துணிக்குள் போடும் அந்துருண்டையும் விஷம்தான். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். குளிர்காலத்தில் பூனைகள் சூடு தேடி வண்டி எஞ்சினுக்குள் படுக்கும். கிளப்பும் முன் பானட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

கடைசியாக, வெறிநோய். பூனை மூலமும் வரும். வெறிநோய்த் தடுப்பூசிக்குப் பேர்போன பாஸ்டர் நிலையம் 1907 முதல் நம் குன்னூரிலேயே இருக்கிறது. இருந்தும் பூனைக்கு ஊசி எதற்கு என்று கேட்பவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். மூன்று மாதக் குட்டியிலேயே முதல் ஊசி போடுங்கள், பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல் போடுங்கள். பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.