எதிர்த்து நிற்பவருக்கும் கவுண்டி தரும் சம்பளம்

அவையோருக்கு வணக்கம். தமிழ்ச் சங்க மேடைக்கு வக்கீலை அழைத்தால் உயில், விசா, வீட்டுப் பத்திரம் பற்றித்தான் பேசச் சொல்வார்கள். குற்றவியல் நீதிமன்றத்தைப் பற்றிப் பேசச் சொன்ன அமைப்பாளர்களின் துணிச்சலுக்கு நன்றி.

கலிபோர்னியாவில் ஒரு கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்காக வாதாடுவதுதான் வேலை. எங்கள் நீதிமன்ற அறையைப் பாருங்கள். கைது செய்த ஷெரிஃபின், அதாவது கவுண்டிப் போலீஸ் தலைவரின், ஆள் கவுண்டி ஊழியர். தண்டனை கேட்கும் டி.ஏ. (குற்றம் சாட்டி வழக்கு நடத்தும் அரசு வக்கீல்) தரப்பும் கவுண்டி. அதை எதிர்த்து எழுந்து நிற்கிற எனக்கும் அதே கஜானாதான் படியளக்கிறது. "அப்போ எல்லாரும் ஒரே ஆளுங்கதானே?" என்று கேட்கத் தோன்றும். சிறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் அதே சந்தேகம்தான். கோபக்காரராக இருந்தால் "எனக்கு நிஜ வக்கீல் வேணும்" என்றே சொல்லிவிடுவார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளம் யார் கொடுத்தாலும் என் கடமை அவர் ஒருவருக்குத்தான். அவர் என்னிடம் சொன்னதைக் கவுண்டி கேட்டாலும் சொல்ல முடியாது. ஒரே வழக்கில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டால், எங்கள் அலுவலகம் ஒருவரை மட்டுமே எடுக்கும். மற்றவருக்கு வெளியிலிருந்து வக்கீல். இதையெல்லாம் சொன்னாலும் உடனே நம்பிக்கை வந்துவிடாது. அடுத்த தடவை சொன்ன நேரத்துக்கு நான் போய் நின்றால் கொஞ்சம் வரும்.

இந்த ஏற்பாட்டுக்காக முதலில் வாதாடியவர்களில் ஒருவர் கிளாரா ஷார்ட்ரிட்ஜ் ஃபோல்ட்ஸ், கலிபோர்னியாவின் முதல் பெண் வழக்கறிஞர். குற்றம் சாட்ட அரசு காசு கொடுத்து ஆள் வைக்கிறதே, மறுத்துப் பேசவும் வைக்கட்டும் என்று 1893இல் சிகாகோவில் கேட்டார். 1914இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நாட்டின் முதல் அலுவலகத்தைத் திறந்தது. வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 1963 ஆயிற்று. ஃப்ளோரிடாவில் பில்லியர்ட்ஸ் ஆடும் ஒரு பூல் ரூமில் புகுந்து திருடியதாகப் பிடிபட்ட கிளாரன்ஸ் கிடியன் வக்கீல் கேட்டார், கிடைக்கவில்லை. தானே வாதாடித் தோற்று ஐந்து வருடத் தண்டனை வாங்கினார். சிறையிலிருந்து பென்சிலால் அவர் எழுதிய மனுவில்தான் அந்தத் தீர்ப்பு.

கதையை எல்லாரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது மறுவிசாரணை. அதே ஊர், அதே நீதிபதி, வக்கீல் மட்டும் புதிது. 'என்னை ஏற்றிக்கொண்டு போனதை யாரிடமும் சொல்லாதே' என்று கிடியன் டாக்சிக்காரரிடம் சொன்னது பெரிய சந்தேகமாக நின்றது. ஏன் அப்படிச் சொன்னார் என்று வக்கீல் கேட்டார். அவருக்கு மனைவியோடு தகராறு, அதனால்தான் என்றார் டாக்சிக்காரர். ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் விடுதலை செய்தது.

ஆனால் ஜூரி வரைக்கும் போகிற வழக்கு அபூர்வம். மாநில நீதிமன்றங்களின் தண்டனைகளில் 94 சதவீதம் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வருபவை என்று 2012இல் உச்ச நீதிமன்றமே எழுதியது. அனுபவம் வேலை செய்கிற இடம் டி.ஏ. தரப்போடு தண்டனையைப் பற்றி நடக்கும் பேரம்தான். "ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் வேலையே போய்விடும் என்கிறவர், செய்யாத தப்புக்கும் தலையாட்டிவிடுவார். புது வக்கீலுக்கும் அது வெற்றி மாதிரித்தான் தெரியும். நான் முதலில் கேட்பது, "எங்கே பிறந்தீங்க? என்ன விசா?"

இந்த அரங்கில் இருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கணவன் மனைவி சண்டை, யாரோ 911ஐ அழைத்துவிட்டார்கள், கைது. "குடும்பப் பிரச்சினைதானே, ஒப்புக்கொண்டு முடிச்சிடலாம்" என்று தோன்றும். சிறைவாசம் குறைவாகவே இருக்கலாம். ஆனால் குடும்ப வன்முறைத் தண்டனை கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்த வழி செய்யும். அந்த அபாயத்தை வக்கீல் எச்சரித்தே ஆகவேண்டும் என்று 2010இல் பதில்லா (Padilla) என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. காசு கொடுத்து வைத்த வக்கீலானாலும் இதைக் கேளுங்கள். சிறைத் தொலைபேசியில் மட்டும் வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள்; அது பதிவாகிறது.

இவ்வளவும் விசாரிக்க நேரம் வேண்டுமே! ஒரு வக்கீலுக்கு வருடத்துக்கு 150 பெருங்குற்ற வழக்கு என்பது 1973இல் பரிந்துரைத்த உச்சவரம்பு. கொலைக்கும் திருட்டுக்கும் ஒரே கணக்கு. 2023இல் வெளியான ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு கொலை வழக்கு ஒன்றுக்கே 248 மணி நேரம் வேண்டும் என்றது. அப்படி எட்டு வழக்கு வந்தால் வாரம் 40 மணி நேரக் கணக்கில் ஒரு வருடமே போய்விடும்.

கூடுதல் வக்கீல்கள் வேண்டுமென்றால், கவுண்டியின் பணத்தை ஒதுக்கும் சூப்பர்வைசர்களிடம்தான் போக வேண்டும். ஷெரிஃபும் டி.ஏ.வும் ஓட்டு வாங்கி வந்தவர்கள், சத்தமாகக் கேட்பார்கள். எங்கள் தலைவர், சான்பிரான்சிஸ்கோ தவிர, கலிபோர்னியாவில் நியமனத்தில் வருகிறவர். எங்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள் யாருக்காக வாதாடுகிறோமோ அவர்கள்தான்; அவர்களில் பலர் சிறைக்குள் இருக்கிறார்கள். ஜூலையில் புது நிதியாண்டு தொடங்குமுன் பட்ஜெட் கூட்டம் நடக்கும், பொதுமக்களும் பேசலாம். உங்களில் நான்கு பேர் வந்து பேசினால்கூட எங்களுக்குப் பெரிய பலம். வணக்கம்.