ஈரல் துண்டு சொன்ன 'இல்லை'

நேயர்களுக்கு வணக்கம்.

ஈரலிலிருந்து எடுத்த துளித் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. "குறிப்பிட்ட காரணம் எதுவும் தென்படவில்லை" என்று எழுதிக் கொடுக்கும்போது, "இதுக்கா டாக்டர் குழந்தைக்கு ஊசி குத்தினீங்க?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வரிக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை 2022-இல் உலகமே பார்த்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அந்த ஏப்ரலில் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த பத்துச் சின்னக் குழந்தைகளுக்குக் கடுமையான ஈரல் அழற்சி. பலருக்கு முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, அப்புறம் மஞ்சள் காமாலை. வழக்கமாகக் காரணமாகும் ஹெபடைட்டிஸ் வைரஸ்களை ஏ முதல் இ வரை தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. ஜூலைக்குள் 35 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், 22 மரணங்கள். இருபதில் ஒரு குழந்தைக்கு மாற்று ஈரல் வைக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் அலபாமாவில் இதே மாதிரி வந்த ஒன்பது குழந்தைகளின் இரத்தத்தில், சளியும் வயிற்றுப்போக்கும் தரும் அடினோ வைரஸ் இருந்தது. சரி, ஆள் அகப்பட்டுவிட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆறு குழந்தைகளுக்கு ஈரல் பயாப்சி, அதாவது துளித் திசு எடுத்துப் பார்க்கும் சோதனை, செய்தார்கள். மைக்ராஸ்கோப்பில் அழற்சி தெரிந்தது, வைரஸ் தென்படவில்லை. அடினோ வைரஸைக் காட்டும் தனிச் சாயத்திலும் இல்லை, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பிலும் இல்லை.

அடினோ வைரஸ் ஈரலை நேரடியாக அழித்தால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்த குழந்தைகளிடம் அதைப் பார்க்கிறோம். திட்டுத் திட்டாகச் செல்கள் செத்துக் கிடக்கும். ஓரத்துச் செல்களின் உட்கரு கறுத்து, மை தீற்றியதுபோல் இருக்கும். சுற்றிலும் வெள்ளணுக்கள் அதிகம் இராது. இந்தக் குழந்தைகளின் ஈரலில் கண்டது வேறு. செல்கள் உப்பிப்போயிருந்தன, வெள்ளணுக்கள் உள்ளே புகுந்து நிறைந்திருந்தன. நிலைமை முற்றிய ஈரல்களில் செல்கள் பெரும் பரப்பில் அழிந்துபோயிருந்தன. வைரஸ் தானாகக் கொன்ற ஈரல் இப்படி இருக்காது. உடம்பின் சொந்தப் படையே உள்ளே இறங்கியிருக்கிறது என்று அந்தத் துண்டுகள் சொல்லின. 'இல்லை' என்ற அந்த முடிவுதான் தேடலை வேறு பக்கம் திருப்ப உதவியது என்பது என் உறுதியான எண்ணம்.

2023 மார்ச்சில் இதைப் பற்றி மூன்று ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஸ்காட்லாந்தில் பாதிக்கப்பட்ட 32 குழந்தைகளில் 26 பேரின் இரத்தத்தில் ஏஏவி2 என்ற குட்டி வைரஸ் இருந்தது. ஒப்பிடப் பார்த்த 74 குழந்தைகளில் ஐந்து பேரிடம்தான் இருந்தது. இந்த வைரஸ் தனியாகப் பெருகாது. அடினோ போன்ற இன்னொரு வைரஸ் துணைக்கு வேண்டும். எதிர்ப்பு சக்தி சார்ந்த ஒரு குறிப்பிட்ட மரபணு வகையும் சோதித்த 27 பேரில் 25 பேரிடம் இருந்தது. ஏஏவி2தான் ஈரலைக் கெடுத்ததா, கூட வந்த சாட்சியா என்ற விவாதம் முடியவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஈரல் மாற்று அறுவை சிகிச்சையில் அகற்றிய ஈரல்களை உறைய வைத்து வைத்திருந்தார்கள். அந்த மூன்று ஆய்வுகளில் ஒன்றைச் செய்த லண்டன் குழு அப்படி ஐந்து குழந்தைகளின் ஈரலில் தேடியபோது ஏஏவி2-இன் மரபணு ஏராளமாகக் கிடைத்தது. சாயத்தில் அதன் புரதம் தெரியவில்லை. திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் மரபணு துண்டு துண்டாகிவிடும். அதனால்தான் உறைய வைத்த துண்டுக்கு அத்தனை மதிப்பு.

சென்னைக்கு வருவோம். இங்கே குழந்தைக்குக் காமாலை என்றால் பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ. தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது. இரத்தப் பரிசோதனையே போதும், பயாப்சி வேண்டாம். எலி விஷமும் சில மருந்துகளும்கூட ஈரலைக் கெடுக்கும். அதனால் வீட்டில் எலி பேஸ்ட் இருந்ததா, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டால் மறைக்காதீர்கள். காமாலை வந்த பிள்ளை அரைத்தூக்கமாக இருந்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ஏறினாலோ, கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு இரவுகூடக் காத்திருக்காதீர்கள். அந்த நிலையில் பயாப்சி தேவைப்பட்டால், இரத்தக் கசிவு ஆபத்தைக் குறைக்கக் கழுத்து இரத்தக் குழாய் வழியாக எடுப்பதும் உண்டு. பயந்து மறுத்துவிட வேண்டாம்.

நம் மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். காரணம் புரியாத ஈரல் செயலிழப்பில் திசு எடுத்தால், முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடாமல், பெற்றோர் சம்மதத்தோடு ஒரு சிறு துண்டை மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். பெற்றோரே, "காரணம் தென்படவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். ரிப்போர்ட்டில் உள்ள பயாப்சி எண்ணைக் குறித்து வையுங்கள். மெழுகுக் கட்டியில் பதித்த அந்தத் திசு லேபில் இருக்கும். இரண்டாவது கருத்து கேட்கவோ புதிய சோதனை செய்யவோ கேட்டு வாங்கலாம்.

நன்றி, வணக்கம்.