பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

1950ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் இசைத்தட்டுகளாக வெளிவந்து, உலகெங்கும் வானொலிகளில் ஒலித்த ஆங்கில மெல்லிசைப் பாடல்களைப் பற்றி, குறிப்பாக 'பாலட்' என்று சொல்லப்படும் நிதானமான காதற்பாடல்களைப் பற்றி, உரையாற்றுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அவற்றைப் பாடிய நட்சத்திரங்களைப் பற்றி நிறையவே எழுதியும் பேசியும் ஆகிவிட்டது. ஆகவே, அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றிப் பேச எனக்குக் கிடைத்த இந்த நேரத்தை முழுவதுமாகப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

உங்களுக்குப் பிடித்த ஒரு பழைய பாடலை மனத்துக்குள் முணுமுணுத்துப் பாருங்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள், பாடகர் மூச்சு வாங்கும் அந்த இரண்டு நொடியில், நாம் சும்மா இருப்பதில்லை. அங்கே வயலின்கள் வாசித்த சிறு துண்டையும் சேர்த்தே முணுமுணுக்கிறோம். பாடலை இயற்றியவர் பெரும்பாலும் அந்தத் துண்டை எழுதியிருக்க மாட்டார். மெட்டும் வரிகளும் மட்டும் அடங்கிய ஒரு தாளையோ, ஒரு கிதாரோடு பாடிய மாதிரிப் பதிவையோ வாங்கிக்கொண்டு போய், பாடகரின் குரலுக்கு ஏற்ற சுருதியைத் தீர்மானித்து, எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், எங்கே விலக வேண்டும் என்று ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தனியாக ஸ்வரக்குறிப்பு எழுதிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவரை அரேஞ்சர் என்பார்கள். மூன்று மணி நேர ஒலிப்பதிவு அமர்வு ஒன்றில் மூன்று, நான்கு பாடல்களை முடித்தாக வேண்டிய காலம் அது. எனவே வாத்தியக்காரர்கள் வந்து அமர்வதற்கு முன்பே எல்லாம் தாளில் இருந்தாக வேண்டும். அந்த உழைப்புக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முறை கூலி கிடைக்கும். பாடல் எத்தனை இலட்சம் விற்றாலும் உரிமைத் தொகை வராது.

பெயராவது கிடைத்ததா என்றால், அதற்கும் உறுதியில்லை. 1950இல் நாட் கிங் கோல் பாடிய 'மோனாலிசா' இசைத்தட்டின் மேல் இசைக்குழு நடத்துநர் லெஸ் பாக்ஸ்டரின் பெயர் அச்சாகியிருந்தது. ஆனால் அந்த வாத்திய அமைப்பை எழுதியவர் நெல்சன் ரிடில். ட்ராம்போன் வாசிப்பாளராக இருந்து இந்தத் தொழிலுக்கு வந்த அவர், பிறகு கோலுக்கும் பிராங்க் சினாட்ராவுக்கும் எழுதி மிகப் பெரிய பெயர் பெற்றார் என்பது உண்மைதான்; ஆயினும் அந்த முதல் வெற்றியின்போது உலகுக்கு அவர் யாரோ. பிற்காலத்தில் ரிடில் தம் முறையைப் பற்றிச் சொன்னபோது இரண்டு விதிகளைக் குறிப்பிட்டார். பாடலின் உச்சம் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்து, மொத்த அமைப்பையும் அதை நோக்கி ஏற்றிக்கொண்டு போவது ஒன்று. பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போது வழியை விட்டு விலகிவிட்டு, அவர் ஓய்கிற இடத்தில் மட்டும் வாத்தியங்களைப் பேச வைப்பது மற்றொன்று. கேட்க எளிமையாக இருக்கும் இந்த இரண்டாவது விதியைக் கடைப்பிடிக்க எவ்வளவு அடக்கம் வேண்டும் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். கையில் முப்பது வாத்தியங்கள் இருக்கும்போது அவற்றை வாய்மூடி இருக்கச் சொல்வது சாமானியமான காரியம் அல்ல.

எர்னி ஃப்ரீமன் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? 1966இல் சினாட்ரா பாடிய 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் த நைட்' பாடலின் வாத்திய அமைப்புக்காகக் கிராமி விருது பெற்றவர் அவர். சைமனும் கார்ஃபங்கலும் 1970இல் வெளியிட்ட 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' பாடலுக்குத் தந்தி வாத்தியப் பகுதி எழுதும் வேலையும் அவரிடம் போயிற்று. மாதிரிப் பதிவைக் கேட்டு எழுதிய அவர், கொந்தளிக்கும் நீரின் மேல் பாலம் என்று பொருள்படும் அந்தத் தலைப்பைத் தவறாகக் காதில் வாங்கிக்கொண்டு, ஸ்வரத்தாளின் மேல் 'ஒரு குவளைத் தண்ணீரைப் போல' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை எழுதி அனுப்பிவிட்டார். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. தலைப்பே சரியாகக் காதில் விழாத ஒருவர் அந்தப் பாடலின் உள்ளத்தை எவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்கிறார் என்பதே என்னை வியக்க வைக்கிறது. தொடக்கத்தில் லாரி நெக்டலின் பியானோவும் கார்ஃபங்கலின் குரலும் மட்டும் தனித்திருக்க, நெடுநேரம் பொறுத்திருந்து, கடைசிச் சரணத்தில் வயலின்கள் திரண்டு எழும்போது நம் நெஞ்சு விம்முகிறதே, அந்தக் காத்திருப்பும் ஓர் இசையமைப்புதான். இந்தப் பாடலின் அமைப்புக்குக் கிடைத்த கிராமி விருதில் ஃப்ரீமன், நெக்டல், ஜிம்மி ஹாஸ்கல் ஆகிய மூவரின் பெயர்களும் இருந்தன.

வாசித்தவர்களின் கதை வேறு. 1967இல் பீட்டில்ஸ் வெளியிட்ட 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாடலில் அந்த நால்வரில் எவரும் எந்த வாத்தியமும் வாசிக்கவில்லை. மைக் லியாண்டர் எழுதிக் கொடுத்ததைத் தந்தி வாத்தியக் கலைஞர்கள் வாசிக்க, பாடலைத் தொடங்கி வைக்கும், யாழ் போன்ற ஹார்ப் வாத்தியத்தின் இசையை ஷீலா பிராம்பர்க் மீட்டினார். திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் அவருடைய முதல் வாசிப்பையே பயன்படுத்தினார்கள். அவர் பெற்ற ஊதியம் 9 பவுண்டு.

குரல்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமையானது. டார்லீன் லவ் 1962இல் பாடிய 'ஹீஸ் எ ரெபெல்', 'கிரிஸ்டல்ஸ்' என்ற வேறொரு குழுவின் பெயரில் வெளியாகி அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. துள்ளலான அந்தப் பாட்டு பாலட் வகையில் சேராது. ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதே டார்லீன் லவ் தம் 'பிளாசம்ஸ்' குழுவோடு எத்தனையோ நட்சத்திரங்களுக்குப் பின்பாட்டுப் பாடியவர். 1980களின் தொடக்கத்தில் வாய்ப்புகள் இல்லாமல் பிறர் வீடுகளில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். ஒருநாள் ஒரு வீட்டின் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, 1963இல் தாம் பாடிய கிறிஸ்துமஸ் பாடல் வானொலியில் ஒலித்ததாகவும், இனிப் பாடுவதற்கே திரும்ப வேண்டும் என்று அந்தக் கணத்தில் முடிவு செய்ததாகவும் அவரே கூறியிருக்கிறார். 2011இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது. இடையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவர்கள் எல்லாரிலும் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் அனிதா கெர். மெம்பிஸ் நகரில் பிறந்து நாஷ்வில்லில் பணியாற்றிய அவர் பாடகி, அரேஞ்சர் என்ற இரண்டு பொறுப்புகளையும் சேர்த்தே ஏற்றிருந்தார். ஜிம் ரீவ்ஸின் 'ஹீல் ஹாவ் டு கோ' பாடலைக் கேளுங்கள். தொலைபேசியில் பேசுவதைப்போல அடித்தொண்டையில் பாடும் அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பின்னால், ஒரு நூல் புகையைப் போல அனிதாவின் பின்பாட்டுக் குழு வந்து போகிறது. குழு மட்டும் இல்லாதிருந்தால், ஆளரவமற்ற அறையில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொள்வதாகத் தோன்றியிருக்கும். சொற்களே இல்லாமல் 'ஊ', 'ஆ' என்று நீட்டுவதில் என்ன பெரிய கலை என்று கேட்பவர்கள், நான்கு பேர் ஒரே மூச்சில் தொடங்கி, ஒரே அளவில் தணிந்து, ஒருவர் குரல்கூடத் துருத்திக்கொள்ளாமல் முடிப்பதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

இந்த உரையைத் தொடர்ந்து, 1960இல் ராய் ஆர்பிசன் பாடிய 'ஒன்லி த லோன்லி' ஒலிபரப்பாகும். அதைப் பதிவு செய்த பில் போர்ட்டர், தாள வாத்தியங்களை அடித்தளமாக வைத்துக் குரல்களை மேலே அடுக்கும் வழக்கத்தை மாற்றி, பின்பாட்டுக் குரல்களை முன்னிறுத்தி, மற்றவற்றை அவற்றுக்குக் கீழே அமைத்தார். ஆகவே நீங்கள் முதலில் கேட்கப்போவது ஆர்பிசனின் தனிக்குரலாக இராது. பொருளற்ற அசைகளைக் கோத்துப் பாடும் பின்பாட்டுக் குரல்களே பாடலைத் திறந்து வைக்கும். ஆர்பிசனோடு சேர்ந்து அதை இயற்றிய ஜோ மெல்சனின் குரலும் அவற்றில் கலந்திருக்கிறது. மற்றவை அனிதா கெர் குழுவினருடையவை. அந்தக் குழுவின் நால்வர்: அனிதா கெர், டாட்டி டில்லார்ட், கில் ரைட், லூயிஸ் நன்லி.