தனி முடியும்வரை இருங்கள்

ஆடி முடித்து இன்னும் சலங்கையைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைக் கூட்டி வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

மும்பையின் இந்த மாதுங்காவில்தான் 1945-ல் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் தொடங்கியது. திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார், தலைமுறை தலைமுறையாக நட்டுவாங்கம் செய்தவர்கள், அதாவது ஜதி என்னும் தாளச்சொற்களைச் சொல்லி நாட்டியத்தை நடத்தியவர்கள், காவிரிக்கரையை விட்டு இங்கே வந்து தாளம் தட்டும் தட்டுக்கழியைப் பிடித்தார்கள். அப்போது நாட்டுக்கு விடுதலைகூட வரவில்லை.

1952-ல் ஷண்முகானந்தா என்ற சங்கீத சபா. 1963-ல் அதன் பெரிய அரங்கம். 1990-ல் தீப்பிடித்து அரங்கம் எரிந்தது. திரும்பத் திறக்க 1998 ஆனது. 2,700-க்கும் அதிகமான இருக்கைகள். கேட்க ஆள் வரும் என்று நம்பித்தானே இவ்வளவு நாற்காலி போட்டார்கள்? அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

ஆனால் கச்சேரியில் தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் என்ன நடக்கிறது? வரிசை வரிசையாக எழுந்து போகிறோம். பாட்டுக்கு அணைந்து அடக்கி வாசித்த மிருதங்கக்காரருக்கு அந்த மாலையில் கிடைக்கும் சொந்தப் பொழுது அது ஒன்றுதான். அவர் ஒரு சுற்று வாசிக்க, கடம் பதில் சொல்லும். அப்புறம் குறைப்பு: எட்டு அட்சரம் (தாளத்தின் எண்ணிக்கை), நாலு, இரண்டு என்று சுருங்கிச் சுருங்கி இருவரும் நெருங்கி வருவார்கள். பிறகு சேர்ந்து வாசித்து, முடிவை நோக்கிப் போகும் மோரா வைத்து, கோர்வை என்னும் முடிப்புச் சொற்கட்டை மூன்று முறை சொல்லி, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த குழந்தையின் கையும் அதே நொடியில் விழும். அப்போது அதன் முகத்தைப் பாருங்கள்! வகுப்பில் எத்தனை வருடம் தாளச்சொற்களைத் தத்தகாரமாகச் சொன்னாலும் இந்த அனுபவத்தை அங்கே கொடுக்க முடியாது. நாட்டியம் கற்கும் பிள்ளைக்கும் இது வேண்டும். ஜதி காதில் ஊறினால்தான் கால் தானாக நிற்கும்.

டோம்பிவிலி போக வேண்டும், ரயில் போய்விடும் என்பீர்கள். நியாயம்தான். சரி, தனி முடிந்ததும் கிளம்புங்கள், கடைசியில் வரும் சின்ன உருப்படிகளான துக்கடாவை இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த கச்சேரிக்கு வரும்போது பிள்ளையை அரங்கில் மிருதங்கம் இருக்கும் பக்கமாக, வாசிப்பவரின் விரல்கள் தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். தாளம் போடத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் தாத்தாவைப் பார்த்துப் போடட்டும்.