எல்டி, எல்எல், எச்எம்: உருக்கினால்தான் தெரியும் வித்தியாசம்

வணக்கம் நேயர்களே. பால் பாக்கெட்டைத் தொட்டால் வழவழவென்று மெத்தென்று இருக்கும். சரசரவென்று சத்தம் போடும் மெல்லிய கவர் விறைப்பாக இருக்கும். இரண்டுமே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்தான், கார்பனும் ஹைட்ரஜனும்தான், எல்டி, எல்எல், எச்எம் எல்லாம் அதன் வகைகள்தான், ஆனால் ஒன்றுக்காக அமைத்த மெஷினில் இன்னொன்றைப் போட்டால் ஃபிலிம் ஒழுங்காக வராது. தொழிலில் இருப்பவர்கள் பலர் எம்எஃப்ஐ (மெல்ட் ஃப்ளோ இண்டெக்ஸ்) என்ற ஒரே எண்ணைப் பார்த்து மூட்டை வாங்குகிறார்கள். அது போதவே போதாது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அந்த எண் என்ன என்று பார்ப்போம். பிளாஸ்டிக் குருணையை 190 டிகிரி செல்சியஸில் உருக்கி, மேலே 2.16 கிலோ எடை வைத்தால், சுமார் 2 மில்லிமீட்டர் துளை வழியாக 10 நிமிடத்தில் எத்தனை கிராம் இறங்குகிறது, அவ்வளவுதான். எண் சிறியது என்றால் மூலக்கூறுச் சங்கிலி நீளம் என்று பொதுவாகச் சொல்லலாம். நீளம் இரண்டு மடங்கானால் உருகலின் பாகுத்தன்மை இரண்டு மடங்கு கூடுவதில்லை, ஏறக்குறைய பத்து மடங்கு கூடிவிடுகிறது, ஏனென்றால் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. மூலக்கூறு எடை 30 லட்சத்தைத் தாண்டிய பாலிஎத்திலீன் ஒன்று உண்டு. செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உருகுநிலை தாண்டிய பிறகும் அது வழியாது, பொடியாகவே வைத்துச் சூட்டில் அழுத்தித்தான் உருவம் கொடுக்க வேண்டும்.

ஆனால் நீளம் பாதிக் கதைதான். மீதி, கிளைகள்.

1933-ல் இங்கிலாந்தின் வின்னிங்டனில் ஐசிஐ என்ற ரசாயனக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கிப்சனும் ஃபாசெட்டும் எத்திலீன் வாயுவைக் கடும் அழுத்தத்தில் வைத்தபோது கிடைத்ததுதான் இன்றைய எல்டியின், அதாவது லோ டென்சிட்டி (குறைந்த அடர்த்தி) பாலிஎத்திலீனின் மூதாதை. இந்த முறையில் வளர்ந்துகொண்டிருக்கும் சங்கிலி பக்கத்துச் சங்கிலியின் நடுவிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும், அந்த இடத்திலிருந்து புதுக் கிளை நீளமாக வளரும். 1953-ல் ஜெர்மனியின் முல்ஹைமில் வேதியியலாளர் சீக்லர் ஒரு வினையூக்கியை வைத்துக் குறைந்த அழுத்தத்திலேயே நேரான சங்கிலியைச் செய்தார், அது எச்டி, ஹை டென்சிட்டி (கூடுதல் அடர்த்தி). அதே வழியில் எத்திலீனின் உறவுக்காரர்களான பியூட்டீனோ ஹெக்சீனோ ஆக்டீனோ கொஞ்சம் சேர்த்தால் குட்டைக் குட்டைக் கிளைகள் மட்டும் முளைக்கும், அடர்த்தி எல்டி அளவுக்கு இறங்கும். அதுதான் எல்எல், லீனியர் லோ டென்சிட்டி. இப்போது பாருங்கள், எல்டிக்கும் எல்எல்லுக்கும் அடர்த்தி ஒன்று, எம்எஃப்ஐ-யும் ஒன்றாக இருக்கலாம், காகிதத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

மெஷினில் போட்டதும் வேஷம் கலைந்துவிடும். எம்எஃப்ஐ சோதனையில் உருகல் மிக மெதுவாக நகர்கிறது, உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரிலும், ஃபிலிம் வெளிவரும் வாயான டையிலும் அதைவிடப் பல மடங்கு வேகமாக உராய்ந்து நகர்கிறது. அந்த வேகத்தில் எல்டி நன்றாக இளகிவிடும், எல்எல் அவ்வளவு இளகாது. மோட்டார் ஆம்பியர் ஏறும், உருகல் சூடாகும், டை இடைவெளி குறுகலாக இருந்தால் ஃபிலிமின் மேல்பரப்பு சுறாத்தோல் போலச் சொரசொரவென்று வரும். அப்புறம் டையை விட்டு வரும் உருகலைக் காற்றால் மேலே குமிழாக ஊதும்போது நிலைமை தலைகீழ். வேலிமுள் குவியலில் ஒரு கிளையை இழுத்தால் குவியலே சேர்ந்து வருமே, அதுபோல நீண்ட கிளைகள் உள்ள எல்டி இழுக்க இழுக்க விறைத்துக்கொள்ளும், குமிழ் அசையாமல் நிற்கும். எல்எல் குமிழ் காற்றில் ஆடும். ஆனால் அந்த விறைப்பு இல்லாததால்தான் எல்எல்லை அறுந்துபோகாமல் மிக மெல்லியதாக இழுக்க முடிகிறது, அதை நான் ஒரு குறையாகவே பார்க்கமாட்டேன். 1970-களின் கடைசியில் எல்எல் பெரிய அளவில் வந்தபோது உலகெங்கும் டை இடைவெளியை அகலமாக்கினார்கள், ஸ்க்ரூவை மாற்றினார்கள், குமிழைக் குளிர்விக்கும் காற்று வளையத்தை மாற்றினார்கள். இன்றும் குமிழ் நிலைக்க 20, 30 சதவீதம் எல்டி கலப்பது சாதாரண வழக்கம்.

முதலில் சொன்ன சரசர கவர்தான் எச்எம், ஹை மாலிக்யூலர் (மூலக்கூறு எடை கூடிய) எச்டி, அது தனி ரகம். சங்கிலிகள் நீளம், நேர், உருகல் கெட்டி. அதனால் குமிழை டையின் மேலேயே விரிக்காமல், நீளமான கழுத்தாக மேலே கொண்டுபோய் அப்புறம்தான் விரிப்பார்கள். சங்கிலிகள் டையில் பட்ட இழுப்பிலிருந்து கொஞ்சம் தளர அவகாசம் வேண்டும், இல்லாவிட்டால் ஃபிலிம் நீளவாக்கில் சட்டென்று கிழியும்.

சரி, வாங்கும்போது என்ன கேட்பது? அதே எம்எஃப்ஐ கருவியில் 2.16 கிலோவுக்குப் பதில் 21.6 கிலோ வைத்து இன்னொரு முறை அளந்து, இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். சாதாரண எல்எல்லுக்கு இது சுமார் 25 முதல் 30 வரை வரும், எல்டிக்குப் பொதுவாக அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். எண் பெரிதாகப் பெரிதாக, வேகத்தில் அந்தப் பொருள் இளகுவதும் அதிகம். புதுக் கருவி எதுவும் வேண்டாம், கூடுதலாக ஒரு எடைக்கல் இருந்தால் போதும். சப்ளையரிடம் இந்த விகிதத்தைக் கேளுங்கள், எந்த வகை, கிளைக்குச் சேர்த்தது பியூட்டீனா ஹெக்சீனா ஆக்டீனா என்றும் கேளுங்கள், பதில் வந்த பிறகு மூட்டையைப் பிரியுங்கள். வணக்கம்.