ஒன்றுக்கு ஒன்றாக இருந்த வெள்ளி

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு எத்தனை மலேசிய வெள்ளி? சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மலேசிய நகரமான ஜோகூர் பாருவில் ஓர் இளைஞரைக் கேட்டால் "மூன்றுக்கு மேலே" என்பார். அவர் வீட்டுத் தாத்தாவைக் கேட்டால் "எங்கள் காலத்தில் ஒன்றுக்கு ஒன்று" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் பெயர். சிங்கப்பூர் டாலரையும் மலேசிய ரிங்கிட்டையும் அங்குள்ள தமிழர்கள் 'வெள்ளி' என்றே சொல்கிறார்கள். ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பல் பல்லான விளிம்பு என்று பொருள். பழைய ஸ்பானிய வெள்ளிக் காசின் விளிம்பிலிருந்து வந்த பெயர் அது. ஆக, இரண்டு பெயர்களுமே ஒரே காசின் நினைவுதான்.

அந்த வெள்ளியைப் பிரிட்டிஷ் அரசு 1906-ல் பவுண்டுடன் கட்டியது. 60 வெள்ளிக்கு 7 பவுண்டு. ஜப்பானியர் ஆண்ட காலத்தை விட்டுவிட்டால், இந்தக் கணக்கு அறுபது ஆண்டுகள் அசையவில்லை. 1965-ல் சிங்கப்பூர் தனி நாடான பிறகும் இரண்டு நாடுகளிலும் பழைய மலாயா நோட்டுதான் புழங்கியது. பொது நாணயம் வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சுவார்த்தை முறிந்த பிறகு, 1967 ஜூன் 12-ல் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நோட்டு வெளியிட்டன. ஆனால் மூன்றும் சமமதிப்பு. ஒரு நாட்டு நோட்டை இன்னொரு நாட்டு வங்கியில் கொடுத்தால், கட்டணம் இல்லாமல் அதே மதிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். புது நோட்டு வந்தாலும் பழைய நோட்டு செல்லும் என்றுதான் இருந்தது. அவசரமாக மாற்ற வேண்டிய தேவை யாருக்கும் தெரியவில்லை. ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 18-ல், பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது: 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40-க்கு. புது வெள்ளிகள் அதனுடன் இறங்கவில்லை. பழைய வெள்ளியின் பின்பலம் பவுண்டு, அது இறங்கியது. பழைய ஒரு வெள்ளிக்குப் புது 85 காசு என்று அறிவித்தார்கள். முந்தைய நாள் வரை 10 வெள்ளியாக இருந்த நோட்டு, 8 வெள்ளி 50 காசாகிவிட்டது. வங்கிக் கணக்கு இல்லாமல் பெட்டியிலும் தலையணைக்கு அடியிலும் சேர்த்து வைத்திருந்தவர்கள்தான் இதில் அதிகம் அடிபட்டார்கள். பினாங்கில் இதை எதிர்த்துத் தொழிற்கட்சி கடையடைப்புக்கு அழைத்தது. அது கலவரமாகி, உயிர்கள் போயின, ஊரடங்கு போட்டார்கள். நாணய மாற்று விகிதம் என்றால் பொருளாதாரப் புத்தகத்தில் இருக்கும் எண் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த நவம்பரைத்தான் எடுத்துச் சொல்வேன்.

அப்புறம் 1973. உலக நாணயங்கள் டாலருடன் இருந்த கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரம். மே 8-ல் மலேசியா சமமாற்று ஒப்பந்தத்திலிருந்து விலகியது. அதுவரை ஒன்றாக இருந்த பங்குச் சந்தையும் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இரண்டானது. ஆனால் அன்றே விகிதம் பிளந்துவிடவில்லை. 1980-லும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றுதான். 1990-ல் ஒன்றரை. 1996-ல் ஒன்றே முக்கால். 2000-ல் 2.20. 2015-ல் மூன்றைத் தொட்டது. 2024 தொடக்கத்தில் மூன்றரையைத் தாண்டியது.

இதைப் பார்த்துவிட்டு "ரிங்கிட் ஐம்பது ஆண்டாக விழுந்துகொண்டே இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். அது பாதிக் கதை. இரண்டையும் அமெரிக்க டாலருக்கு எதிரே வைத்துப் பாருங்கள். 1973-ல் ஒரு டாலருக்குச் சராசரியாக ஏறக்குறைய 2.45 வெள்ளி, இரண்டு நாட்டிலும். 1996-ல் ரிங்கிட் 2.52. கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது! சிங்கப்பூர் வெள்ளியோ 1.41-க்கு வந்துவிட்டது. அதாவது, முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது சிங்கப்பூரின் ஏற்றம். உணவு முதல் எண்ணெய் வரை இறக்குமதி செய்யும் தீவு அது. நாணயம் வலுவாக இருந்தால் வெளியிலிருந்து விலைவாசி உள்ளே வராது. அதனால் 1981 முதல் வட்டி விகிதத்தை விட்டுவிட்டு, விலைவாசியைக் கட்டுப்படுத்த நாணய மதிப்பையே தன் கருவியாக வைத்துக்கொண்டது.

ரிங்கிட்டின் உண்மையான வீழ்ச்சி 1997 ஆசிய நெருக்கடியில்தான் தொடங்கியது. 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்தார்கள்; 2005 ஜூலையில் அவிழ்த்தார்கள். 2014-ல் எண்ணெய் விலை சரிந்தபோது மறுபடி சறுக்கியது.

புருணை மட்டும் 1967 ஒப்பந்தத்தை விடவில்லை. இன்றும் புருணை வெள்ளியைச் சிங்கப்பூரில் அதே மதிப்புக்கு வாங்கிக்கொள்கிறார்கள். "மலேசியாவும் அப்படியே இருந்திருக்கலாமே" என்று பல கூட்டங்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஜோகூரிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களைப் பார்த்தால் அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் பதில், முடியாது என்பதே. 1985-ல் ஈயச் சந்தை சரிந்தது. ரப்பரும் செம்பனை எண்ணெயும் அடுத்தடுத்து அடிவாங்கின. ஏறிக்கொண்டிருந்த சிங்கப்பூர் வெள்ளியுடன் அன்று ரிங்கிட் கட்டுண்டு கிடந்திருந்தால், உலகச் சந்தையில் டாலருக்கு விற்ற ஒவ்வொரு கிலோ ரப்பருக்கும் கையில் வரும் வெள்ளி இன்னும் குறைந்திருக்கும். அந்த நட்டம் முதலில் இறங்கியிருக்கும் இடம், நம்மவர்கள் பால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டங்கள்.